சுவரேறிய தாத்தா பாட்டி

சேசு மரி சூசை துணை
திண்டுக்கல், 18.8.2024

அன்புள்ள அக்கா வியாகுலத்துக்கும், அவளுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற மதருக்கும் செபஸ்தி எழுதுவது. மதர், தும்மல் நின்றதா? போன தடவை பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் தும்மியதில் இந்தப் பக்கத்து மெழுகுதிரி அணைந்ததைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறோம்.

அக்கா, உன் முழங்கால் தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கை, கால், வாய் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. வெளியே வரக்கூடாத உங்கள் அடைப்பு மடத்தில் ஒரு போன் இருந்தால் இதையெல்லாம் நாலு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். நாலாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

மகன் ராபின் கட்டிய வீடு முடிந்துவிட்டது. செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாளில் சாமியார் வந்து வீடு மந்திரிப்பு. புது வீட்டுக்குப் புதுச் சாமான் வாங்குவதுதானே உலக வழக்கம்? என் மருமகள் ஜெஸ்ஸி புது வீட்டுக்குப் பழைய சாமான் வாங்குகிறாள். லேப் வேலையில் ஊராருக்கெல்லாம் ரத்தம் எடுத்து முடித்ததும் நேரே பேகம்பூர் இஷாக் பாய் கடைக்குப் போய்விடுகிறாள். தையல் மிஷினின் இரும்புக் காலை மட்டும் வாங்கி, மேலே கடப்பாக்கல்லைப் போட்டுச் சாப்பாட்டு மேசை என்கிறாள். ஊறுகாய் ஜாடிக்குள் பல்பு எரிகிறது. மூடிப்போன சினிமாக் கொட்டகையின் மரநாற்காலி, மூன்று சேர்ந்தது, 14, 15, 16 என்று நம்பரோடு கூடத்தில் கிடக்கிறது.

"ஏத்தா, பதினஞ்சாம் நம்பர்ல உக்காந்து படம் பாத்த ஆளையும் சேத்துக் குடுத்தாரா பாய்?" என்று கேட்டேன்.

"அதான் அத்தை விசயமே. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை இருக்கணும். புதுசுல என்ன இருக்கு? பில்லுதான் இருக்கு."

என்னிடமும் ஒன்று கேட்டாள். வெங்காயப் பேட்டையில் நான் இருபது வருசம் புடைத்த முறத்தைக் கொடுத்தேன். அதை மாதா சுரூபம் மாதிரி சுவரில் மாட்டி, கீழே ஒரு விளக்கும் வைத்துவிட்டாள். இனி அதற்கு முன்னால் முழங்கால் போடவேண்டியதுதான் பாக்கி.

பாவம், அவளுக்கென்று கொண்டுவர ஒன்றும் இல்லை. ஆறு வயதுவரை தாத்தா பாட்டியிடமும் பிறகு சிஸ்டர்மார் இல்லத்திலும் வளர்ந்தவள். நிச்சயத்தன்று நான் சொன்னதை எழுதினேனே, நினைவிருக்கிறதா? "பொண்ணு பக்கத்து ஆளுகளக் கூட்டியார வேன் எதுக்கு, ஒரு சைக்கிள் போதும்" என்றேனே! பந்தல் முழுக்கச் சிரித்தது. ஜெஸ்ஸியும் சிரித்தாள்.

உன் செபத்தில் எங்களைச் சேர்த்துக்கொள். என் வாயையும் சேர்த்துக்கொள்.

செபாஸ்தியம்மாள்


மடம், 2.9.2024

அன்புத் தங்கை செபஸ்திக்கு,

ஆண்டவர் உன் வீட்டாரைக் காக்கட்டும். எங்கள் முழங்கால் அப்படியே இருக்கிறது. 'எங்கள்' என்றதும் நீ சிரிப்பாய். இங்கே யாரும் எதையும் 'என்' என்று சொல்வதில்லை. எங்கள் பேனா, எங்கள் கண்ணாடி என்று சொல்லிச் சொல்லி முழங்காலும் அதில் சேர்ந்துவிட்டது. மதருக்குத் தும்மல் நின்றது. உன் கடிதத்தைப் படித்து விக்கல் வந்தது.

முப்பத்துநாலு வருடமாக ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கட்டிலோடு இருக்கிற எனக்கு உன் கடிதம் பொருட்காட்சி பார்த்தது போல் இருந்தது. பதினான்கு, பதினைந்து, பதினாறில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது? கைப்பிடியில் யாராவது பெயரைக் கீறி வைத்திருக்கிறார்களா? ஜாடியில் இன்னும் ஊறுகாய் வாசம் வருகிறதா? ஒன்றுவிடாமல் எழுது.

இன்னொன்று. அந்தச் சைக்கிள் கதையை நீ எனக்கு எழுதுவது இது மூன்றாம் முறை. அன்று ஜெஸ்ஸி எந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள் என்று ஒரு முறைகூட எழுதவில்லை.

ஆசீருடன்,
உன் அக்கா


திண்டுக்கல், 15.9.2024

அக்காவுக்கும் மதருக்கும் சேசுவின் பெயரால் வணக்கம். ஊரில் எல்லோரும் சுகம். லூர்து மதினிக்கு மட்டும் சர்க்கரை கூடியிருக்கிறது. மந்திரிப்பு வீட்டில் தின்ற லட்டு அப்படி.

பதினாறுதான் அதிகம் தேய்ந்தது. பெயர் இல்லை, ஒரு சூயிங்கம் இருந்தது, சுரண்டிவிட்டோம். எந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள் என்றால் என்ன சொல்வது? பல் இருக்கிற பக்கந்தான்.

மந்திரிப்பு நல்லபடியாக நடந்தது. ஆனால் உனக்குச் சொல்லவேண்டியது வேறு. கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு படம் கண்ணில் பட்டது. முந்தின நாள்வரை இல்லாத படம். கறுப்புச் சட்டம், நாலு மூலையிலும் பூ வேலை. உள்ளே ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஓர் ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையில் வாட்சு. பக்கத்து முக்காலியில் பூச்சாடி. இரண்டு பேருக்கும் இருபது, இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

என் வீட்டுக்காரருடைய அக்கா லூர்து மதினியைத்தான் உனக்குத் தெரியுமே, மூக்கை நுழைக்க ஓட்டை தேடுகிறவள். கூட்டத்துக்கு நடுவில் நின்று, "ஏத்தா ஜெஸ்ஸி, இது யாரு?" என்று கேட்டாள்.

ஜெஸ்ஸி காபித் தட்டோடு நின்றவள், "எங்க தாத்தா பாட்டி" என்றாள். சொன்ன கையோடு தட்டை மதினியிடம் நீட்டினாள்.

"அப்புடிச் சொல்லு! மூக்கு அப்புடியே தாத்தா மூக்கு" என்றாள் மதினி. ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். நெற்றி பாட்டி நெற்றியாம், காது தாத்தா காதாம். நானும் பார்த்தேன். மூக்கு அதே மூக்குத்தான். சாமியார் அந்தப் படத்துக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார்.

இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று பிறகு கேட்டேன். "இல்லத்துல பெட்டிக்குள்ள கெடந்துச்சு அத்தை. இப்பத்தான் சட்டம் போட்டேன்" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சைக்கிள் போதும் என்றேன், பார், அதில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

செபஸ்தி


திண்டுக்கல், 5.11.2024

அக்கா, மதர், கும்பிடுகிறேன். மழைக்கு வெங்காயம் அழுகி நாறுகிறது. அது தவிர எல்லோரும் நலம்.

கல்லறைத் திருநாளுக்கு நம் அம்மா அப்பா கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம். ஜெஸ்ஸிக்கு ஏற்றக் கல்லறை எதுவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நிலக்கோட்டை மல்லிகை வாங்கிக் கட்டி, அந்தப் படத்துக்கு மாலை போட்டு, கீழே திரி ஏற்றினேன். கோயிலில் அவர்கள் ஆத்துமத்துக்காக ஒரு பூசையும் கொடுத்தேன். அவளிடம் பெயர் கேட்டபோது கொஞ்சம் யோசித்தாள். ஆறு வயதில் பறிகொடுத்தவள், பாவம். பிறகு "சவரிமுத்து, ஞானம்மாள்" என்றாள். தாத்தா முதலில் போனாராம். அந்த ஏக்கத்தில் ஏழாம் நாள் பாட்டியும் போய்விட்டாராம். சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் பேட்டையில் உட்கார்ந்து அழுதேன். வெங்காயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மடத்தில் எல்லோரும் அந்த இரண்டு உத்தரிக்கிற ஆத்துமங்களுக்காகச் செபியுங்கள். நீங்கள் செபித்தால் சீக்கிரம் மோட்சத்துக்குக் கரையேறிவிடுவார்கள். டிசம்பரில் திருவருகைக் காலம் வந்தால் உங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது என்பதால் அவசரமாக எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்தையும் இதிலேயே வைத்துவிட்டேன்.

செபஸ்தி


மடம், 4.1.2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டின் முதல் கடிதம் உனக்கு. எல்லோரும் சுகமாக இருக்கிறோம்.

நவம்பரிலேயே உன் கடிதம் வந்தது. அன்று முதல் பதினொரு பேரும் மாலைச் செபத்துக்குப் பிறகு சவரிமுத்து, ஞானம்மாள் என்று பெயர் சொல்லிச் செபித்தோம். கிறிஸ்துமஸ் அன்று, தேங்கிக் கிடந்த தபால்களை மதர் கொடுத்தார்கள். அதில் ஜெஸ்ஸியின் கடிதமும் இருந்தது. நான்கு பக்கம். அழகான கையெழுத்து. என்ன எழுதியிருந்தாள் என்று நீ கேட்பாய். கேட்காதே.

இப்போது செபத்தில் பெயர்களைச் சொல்வதில்லை. கடவுளுக்கு ஆளைத் தெரியும். நீயும் இனி அவளிடம் பெயர், ஊர், இறந்த நாள் என்று விசாரிக்க வேண்டாம். மேசையைப் பற்றிக் கேள். அந்தத் தையல் மிஷின் மிதி இன்னும் அசைகிறதா? சாப்பிடும்போது யாராவது மிதிக்கிறார்களா?

உன் அக்கா


திண்டுக்கல், 23.2.2025

அக்காவுக்கு அவசரமாக எழுதுவது. உடம்புக்கு எல்லோரும் நலம். மனசுக்குத்தான் இல்லை. மதர், இதை மட்டும் நீங்கள் மேலோட்டமாகப் படியுங்கள்.

எரியோடு ஊரிலிருந்து சின்ன வெங்காயம் கொண்டுவருகிற அறிவுச்செல்வி என்று ஒருத்தி. நேற்று லாரி வரத் தாமதமானது. காபி குடித்துவிட்டுப் போ என்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நல்லவேளை, ராபினும் ஜெஸ்ஸியும் வேலைக்குப் போயிருந்தார்கள். கூடத்துக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏக்கா, இது எங்கூரு மூக்கையா மாமாவும் பேச்சாயி அத்தையும்ல! இங்க எப்புடி வந்தாக?"

"இது எங்க மருமக தாத்தா பாட்டி. நல்லாப் பாரு."

"நான் பாத்து வளந்த மூஞ்சிக்கா. மாமா போயி ஏழு வருசமாச்சு. அத்தைக்கு ஏன் மாலையப் போட்டு வச்சிருக்கீக? முந்தாநேத்து எங்கிட்ட வெத்தலை வாங்கித் தின்னுச்சே!"

அக்கா, வெற்றிலை மெல்லுகிற ஆத்துமத்துக்காக நீங்கள் பதினொரு பேரும் மாதக்கணக்கில் செபித்திருக்கிறீர்கள்.

பேச்சாயி அம்மாவின் மகன்கள் இரண்டு பேரும் வீட்டைப் பாகம் பிரித்தபோது பழைய சாமான்களை ஒட்டுமொத்தமாக வண்டிக்காரனிடம் போட்டார்களாம். படமும் அதில் போயிருக்கிறது. வண்டிக்காரனிடமிருந்து இஷாக் பாய் கடைக்கு, அங்கிருந்து நம் சுவருக்கு. அறிவுச்செல்வியிடம் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம்வரை எனக்கு வயிறு எரிந்தது. என்னை அழவைத்தாளே, பூசை கொடுக்க வைத்தாளே என்று. வந்ததும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தாள். பையை வைத்தாள். துப்பட்டா நுனியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள், தினமும் செய்வாள் போல. என் வாய் தானாக மூடிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வருசத்தில் இதுதான் முதல் தடவை.

இப்போது நான் என்ன செய்ய? கேட்டால் அவள் தலை குனிந்துவிடும். கேட்காமல் விட்டு, லூர்து மதினி காதுக்குப் போனால் ஆளில்லாதவள் என்பதோடு பொய்க்காரி என்கிற பெயரும் சேர்ந்துவிடும். அந்தப் பிள்ளை இந்த வீட்டில் எப்படி நிமிர்ந்து நடக்கும்? மார்ச் ஐந்து விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஏப்ரலில் ஈஸ்டர் பாஸ்காவுக்குத்தான் உன் பதில் வரும். உடனே எழுது.

செபஸ்தி


மடம், 1.3.2025

செபஸ்திக்கு ஆசீர்.

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். தவக்காலம் வந்துவிட்டால் பாஸ்காவரை எழுத முடியாது.

அவளிடம் கேட்காதே. அவளாகச் சொல்லும்வரை பொறு. இந்தத் தவக்காலத்தில் நீ கறியை விடவேண்டாம், மீனை விடவேண்டாம். ஜெஸ்ஸியைக் கேலி செய்வதை நாற்பது நாளும் விட்டுவிடு. உனக்கு அதுதான் பெரிய ஒருசந்தி நோன்பு.

அந்த அம்மா வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவார் என்று அறிய எங்களுக்கும் ஆசைதான். பாஸ்காவுக்குப் பிறகு எழுது.

உன் அக்கா


திண்டுக்கல், 23.3.2025

அக்காவுக்கு,

இதை நீ உயிர்ப்பு ஞாயிறன்றுதான் படிப்பாய். அதனால் இப்போதே பாஸ்கா வாழ்த்து. நான் சுகம் என்று எழுதினால் பொய். பதினெட்டு நாளாக ஜெஸ்ஸியைக் கேலி பேசவில்லை. நாக்கு வீங்கின மாதிரி இருக்கிறது. நேற்று ஜெஸ்ஸி ஒரு பழைய டிரங்குப் பெட்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று என் முகத்தையே பார்த்தாள். எனக்குள் ஏழு கேலி வரிசையில் நின்றது. "நல்லாருக்கும்மா" என்றேன். அவள் முகம் என்னவோ போலாகிவிட்டது.

கேட்கத்தானே கூடாது என்றாய்? பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லையே. எரியோடு பஸ் ஏறிவிட்டேன். அறிவுச்செல்வி கூட்டிப்போனாள். வெற்றிலை இடது கன்னம்.

பேச்சாயி அம்மாவுக்கு எண்பது இருக்கும். புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். படத்தை ஒரு கடையில் பார்த்ததாகத்தான் சொன்னேன். கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த வாச்சு தெரியுதா படத்துல?"

"தெரியுது. பெரிய வாச்சு."

"ஸ்டுடியோக்காரன் வாச்சு. நாக்காலி அவன்து, பூச்சாடி அவன்து. எங்கழுத்துல கெடக்குற சங்கிலி எங்க நாத்தனாது. எங்க வீட்டுக்காரரு போட்டிருக்குற சட்டை ஸ்டுடியோ வாசல்ல இன்னொரு மாப்பிள்ளைகிட்ட எரவல் வாங்குனது. அந்தப் படத்துல எங்களுதுன்னா ரெண்டு மூஞ்சிதாம்மா."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, "அவுக மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டு வருது. வேற படம் கெடையாது. அந்தக் கடை எங்க இருக்கு?" என்றார்.

கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நகல் எடுத்துக் கொடுத்தால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம் என்று யோசனை. அடுத்த வாரம் ஜெஸ்ஸி வேலைக்குப் போனபிறகு படத்தைக் கழற்றி ஸ்டுடியோவில் கொடுக்கப் போகிறேன்.

செபஸ்தி


திண்டுக்கல், 7.4.2025

மதிப்புக்குரிய பெரியம்மாவுக்கு,

ஜெஸ்ஸி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். இது பாஸ்காவுக்குத்தான் உங்கள் கைக்கு வரும் என்று தெரியும். அதற்குள் இங்கே என்ன ஆகியிருக்குமோ தெரியாது. இருந்தாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக அவர்கள் என்னைக் கேலி செய்வதே இல்லை. ராபினைக் கேலி செய்கிறார்கள், மாமாவை, பால்காரரை, பூனையைக்கூட. என்னிடம் மட்டும் "சரிம்மா", "நல்லதும்மா". என்னை 'அடியே' என்று கூப்பிட்டு எத்தனை நாளாகிறது தெரியுமா? வெளி ஆளிடம் பேசுவது போல் பேசுகிறார்கள். போன வாரம் சுவரில் படம் இல்லை. கேட்டதற்கு, பூச்சி அரித்ததாம், துடைக்கக் கொடுத்திருக்கிறார்களாம். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. பூச்சி அரித்த தடமே இல்லை.

கிறிஸ்துமஸ் கடிதத்தில் உங்களிடம் எல்லாம் எழுதிவிட்டேன். எனக்குத் தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை. பெண் பார்க்க வந்தபோது ஆறு வயதுவரை அவர்களிடம் வளர்ந்ததாகச் சொன்னதும் பொய்தான். பிறந்த நாலாம் நாள் இல்லத்துத் தொட்டிலில் கிடந்தேன். ராபினுக்குத் தெரியும். அந்தப் படத்தைச் சட்டத்துக்காகத்தான் வாங்கினேன், படத்தை எடுத்துவிட்டு முகம் பார்க்கிற கண்ணாடி வைக்கலாம் என்று; மந்திரிப்பு அவசரத்தில் அப்படியே மாட்டிவிட்டேன். லூர்து பெரியத்தை எல்லார் முன்னாலும் 'இது யாரு' என்று கேட்டபோது, நிச்சயத்தன்று எல்லோரும் சிரித்தது ஞாபகம் வந்தது. வாயில் வந்துவிட்டது. பிறகு என் மூக்கு தாத்தா மூக்கு என்றார்கள். பெரியம்மா, என் மூக்கை இதுவரை யாரும் யார் மூக்கு என்றும் சொன்னதில்லை.

குருத்து ஞாயிறன்று அத்தையிடம் சொல்லிவிடப் போகிறேன். பிறகு அவர்கள் என்னோடு பேசாமல் இருந்தாலும் அது உண்மையான பேசாமை.

எனக்காகச் செபியுங்கள். இந்த முறை பெயர் சரியான பெயர்தான்.

ஜெஸ்ஸி


திண்டுக்கல், 15.4.2025

அக்கா, இதுவும் பாஸ்காவுக்குப் பிரிக்கிற தபாலில்தான் சேரும். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், பேச்சாயி அம்மா உட்பட.

ஞாயிற்றுக்கிழமை குருத்தோலையைக் கையில் பிடித்தபடியே ஜெஸ்ஸி கூடத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, அந்தப் படத்துல இருக்குறவுக..."

"எரியோட்டுக்காரவுக. தெரியும்."

"எப்ப இருந்து?"

"மாசியில இருந்து."

"அதான் எங்கூடப் பேச்சை நிப்பாட்டிட்டீங்களா?"

"அடியே, அது ஒருசந்திடி! உங்க பெரியம்மா போட்ட ஒருசந்தி! கறிய விட்டிருந்தாக்கூட இம்புட்டு மெலிஞ்சிருக்க மாட்டேன்."

அவள் அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்தாள், பதினாறாம் நம்பரில். நான் பதினைந்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்டி என்கிட்டப் பொய் சொன்ன? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"ஒரு சைக்கிள் போதும்னு சொன்னீங்கள்ல அத்தை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

எந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள் என்று நீ கேட்டாயே அக்கா. அன்று அவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் எழுதவில்லை.

நகலைக் காட்டினேன், இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்றேன். அவள் கேட்கவில்லை. சட்டத்தோடு படத்தைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டாள். அன்றே எரியோடு போனோம். வழி முழுக்கப் படத்தை மடியில் பிள்ளை மாதிரி வைத்திருந்தாள்.

பேச்சாயி அம்மா படத்தை வாங்கி முதலில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து முகத்தைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகுதான் ஜெஸ்ஸியை, "நீ யாரு தாயி?" என்றார்.

"நான் யாருமில்ல. உங்க ரெண்டு பேரையும் எங்க தாத்தா பாட்டின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். செத்துப்போயிட்டதாவும் சொல்லிட்டேன்."

அந்த அம்மா வெற்றிலையைக் கன்னம் மாற்றினார்.

"நான் எப்புடிச் செத்தேன்?"

"தாத்தா போன ஏழாம் நாளு... ஏக்கத்துல."

"ஏழு நாளா! அந்த மனுசன் போயி ஏழு வருசமாச்சு, நான் இன்னும் ரெண்டு நேரம் கறி கேக்குறேன். ஏக்கமாம்ல. சரி, அழுதாகளா யாரும்?"

"எங்க அத்தை அழுதாக."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாருப்ப நீ. எம்மவங்க இம்புட்டுச் செய்வாங்களான்னு தெரியல" என்று சொல்லி, இன்னும் என்னென்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பூசை, மாலை, நீங்கள் பதினொரு பேர், எல்லாம். தனக்கு நடந்த காரியத்தைக் கேட்டு இவ்வளவு சந்தோசப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

படத்தையும் நகலையும் அவரே வைத்துக்கொண்டார். ஆறு மாதம் மூத்தவன் வீடு, ஆறு மாதம் இளையவன் வீடாம். இரண்டு சுவரிலும் வீட்டுக்காரர் இருக்கட்டும் என்றார்.

இப்போது நம் கூடத்தில் வெறும் ஆணிதான் இருக்கிறது. வேறு ஏதாவது மாட்டு என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

செபஸ்தி


மடம், 22.4.2025

அன்புத் தங்கைக்கும் என் மகள் ஜெஸ்ஸிக்கும் பாஸ்கா மகிழ்ச்சி.

மூன்று கடிதங்களையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் படித்தேன். ஜெஸ்ஸி, உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேலியை விடச் சொன்னது நான். உன் அத்தை மௌனமாக இருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. முப்பத்துநாலு வருடம் மௌனத்திலேயே இருப்பவளுக்கு அது மருந்தாகத்தான் தெரியும். மதரும் நான் செய்தது தவறு என்கிறார்கள்.

சவரிமுத்து, ஞானம்மாளுக்காகச் செபித்ததெல்லாம் என்ன ஆகும் என்று இளைய சிஸ்டர் ஒருத்தி கேட்டாள். வீணாகாது, உத்தரிக்கிற ஸ்தலத்தில் யாரோ ஒரு சவரிமுத்து எதிர்பாராமல் மேலே போயிருப்பார் என்றார்கள் மதர்.

செபஸ்தி, ஒருசந்தி முடிந்துவிட்டது. மறுபடியும் பேச ஆரம்பித்தாயா? நீ இதை மட்டும் எழுதவில்லை.

உன் அக்கா


திண்டுக்கல், 19.5.2025

அக்காவுக்கும் மதருக்கும், உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மேலே போன அந்தச் சவரிமுத்துவுக்கும் செபஸ்தியின் வணக்கம். கத்திரி வெயில் கொளுத்துகிறது. உன் முழங்காலுக்கு வெயில் நல்லது என்கிறார்கள்.

இல்லை அக்கா, ஆரம்பிக்கவில்லை. பாஸ்கா முடிந்தும் முடியவில்லை. ஜெஸ்ஸியைப் பார்த்து வாயைத் திறந்தால் அந்தச் சைக்கிள் வந்து குறுக்கே நிற்கிறது. அவளும் என் வாயைப் பார்ப்பாள். நானும் மூடிக்கொள்வேன். வீடே ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

நேற்று ராபின், ஜெஸ்ஸி கல்யாண நாள். நிச்சயத்துக்கு வந்த கூட்டம் அத்தனையும் வந்திருந்தது. லூர்து மதினி வந்ததும் வெறும் ஆணியைத்தான் பார்த்தாள்.

"ஏத்தா, உங்க தாத்தா பாட்டி எங்க?"

ரிப்பேருக்குப் போயிருக்கு என்று சொல்லிச் சமாளிக்க நான் எழுவதற்குள் ஜெஸ்ஸி பதில் சொல்லிவிட்டாள். நிமிர்ந்து, கூடத்துக்கே கேட்கிற மாதிரி.

"அவுக எங்க தாத்தா பாட்டி இல்ல பெரியத்தை. பழைய சாமான் கடையில வாங்குன படம். உரியவங்ககிட்டக் குடுத்துட்டேன். எனக்குச் சொந்தம்னு யாரும் கெடையாது. பொறந்ததுலேர்ந்து இல்லத்துலதான் வளந்தேன். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

ராபின் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். மூக்கு, நெற்றி, காது என்று பங்கு வைத்தவர்கள் எல்லோரும்.

ஜெஸ்ஸி என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்காங்க. ஏதாச்சும் கேலி பண்ணுங்களேன்."

அக்கா, அவள் தரையைப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எழுந்தேன்.

"யாருடி சொன்னா உனக்கு ஆள் இல்லைன்னு? எங்க பக்கம் வேண்டாத ஆளுக ஒரு வேன் நெறைய கெடக்கு. பாதிய உம்பக்கம் தள்ளிட்டேன். லூர்து மதினி, எந்திரிங்க! இன்னையிலேர்ந்து நீங்க பொண்ணு வீட்டுக்காரி. பொண்ணு வீட்டுக்காரி பந்தியில உக்காரக் கூடாது, பரிமாறணும். இலையப் போடுங்க!"

முதலில் ராபின் சிரித்தான். பிறகு என் வீட்டுக்காரர் சிரித்தார், வருசத்துக்கு ஒருமுறை சிரிக்கிற மனிதர். அப்புறம் கூடமே சிரித்தது. மதினி, "எனக்குச் சக்கரைடி, நின்னா தலை சுத்தும்" என்றாள். "பொண்ணு வீட்டுக்காரிக்குத் தலை சுத்தத்தான் செய்யும், எந்திரிங்க" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கறிச்சட்டியோடு வந்தாள். எல்லோருக்கும் இரண்டு துண்டு. எனக்கு ஒரே துண்டு, அதுவும் எலும்பு. ஜெஸ்ஸி இலைக்கு வந்ததும் நாலு துண்டு அள்ளி வைத்தாள்.

நான் கேட்டேன், இது என்ன நியாயம் என்று.

"அவ எங்க பக்கத்துப் புள்ள" என்று சொல்லிவிட்டு, அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

செபாஸ்தியம்மாள்